புத்திர சுவிகாரம் என்றால் என்ன?

கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் புதிதாக வருகிற ஒருவர் பாவமன்னிப்பைப் பற்றித் தொடக்கத்திலேயே கேள்விப்பட்டுவிடுகிறார். ஆனால் மன்னிக்கப்பட்ட மனிதர் அதற்குப் பிறகு தேவனுக்கு என்ன உறவு என்று கேட்டால், பல ஆண்டுகளாக ஆலயத்துக்குச் செல்கிறவர்கள்கூடத் தயங்குகிறார்கள். அவர் தேவனுடைய பிள்ளை என்பதும், ஒரு குடும்பத்தில் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டு முழு உரிமை பெற்ற பிள்ளை என்பதும்தான் புதிய ஏற்பாடு தருகிற பதில். இந்த ஏற்றுக்கொள்ளுதலைத்தான் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘புத்திர சுவிகாரம்’ என்கிறது. இன்றைய வழக்கில் தத்தெடுத்தல் என்போம். புதிய ஏற்பாட்டில் இச்சொல்லைக் கையாண்டவர் பவுல் ஒருவரே. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் மூன்று முறையும், கலாத்தியர், எபேசியர் நிருபங்களில் ஒவ்வொரு முறையுமாக மொத்தம் ஐந்து இடங்களில்தான் அது வருகிறது. எண்ணிக்கை குறைவானாலும், அவர் தம் போதனையின் உயர்ந்த கட்டங்களை எட்டும்போதெல்லாம் அச்சொல் அங்கே வந்து நிற்கிறது.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தத்தெடுப்பதற்கென்று சட்டமுறை எதுவும் இல்லை. பார்வோனின் குமாரத்தி மோசேயைத் தன் மகனாக்கிக்கொண்டதும், மொர்தெகாய் எஸ்தரை வளர்த்ததும், யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளான எப்பிராயீமையும் மனாசேயையும் தன் சொந்தக் குமாரரின் வரிசையில் சேர்த்துக்கொண்டதும் பழைய ஏற்பாட்டில் உண்டு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஒரு ஜனத்தைத் தேவன் ‘என் குமாரன், என் சேஷ்டபுத்திரன் (மூத்த மகன்)’ என்று அழைத்ததும் உண்டு. புத்திர சுவிகாரம் இஸ்ரவேலருக்கு உரியது என்று ரோமர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவதற்கு அந்த வரலாறே அடிப்படை. எனினும் அவருடைய நிருபங்களைக் கேட்டவர்கள் ரோமப் பேரரசின் நகரங்களில் வாழ்ந்தவர்கள். தத்தெடுத்தல் என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்தது, தாங்கள் அன்றாடம் அறிந்திருந்த ரோமச் சட்டமுறைதான்.

ரோமக் குடும்பத்தில் தகப்பனின் அதிகாரம் அவர் உயிரோடு இருக்கும்வரை நீடித்தது. மகன் வளர்ந்து மணமுடித்த பிறகும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவனே. ஆகவே ஒருவனைத் தத்தெடுப்பதற்கு, முதலில் அந்தப் பழைய அதிகாரத்தை முற்றிலும் முறிக்க வேண்டியிருந்தது. மகனை மூன்று முறை விற்ற தகப்பன் அவன்மேல் தனக்குள்ள அதிகாரத்தை இழந்துவிடுவான் என்று ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம் கூறியிருந்ததால், அந்த விதியைப் பயன்படுத்திச் சாட்சிகளுக்கு முன்பாக ஒரு சடங்கு விற்பனை மூன்று முறை நடத்தப்பட்டது. முதல் இரண்டு முறையும் மகன் விடுவிக்கப்பட்டுத் தகப்பனிடமே திரும்பினான். மூன்றாம் முறையோடு அந்தக் கட்டு அறுந்தது. அதன் பின்னர் தத்தெடுக்கிறவர் நீதி அதிகாரியின் முன்பாக ‘இவன் என் மகன்’ என்று உரிமை கோருவார். எவரும் மறுக்காதபோது அதிகாரி அதை உறுதி செய்வார். அந்த நேரத்திலிருந்து அவன் பழைய குடும்பத்தின் வாரிசு அல்ல. புதிய தகப்பனின் பெயரும், குலவழிபாடும், சொத்துரிமையும் அவனுக்கு உரியவை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் அவனுக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. உயர்குடி மக்களிடையே இவ்வாறு தத்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆதரவற்ற குழந்தைக்கு வீடு கொடுப்பது அங்கே நோக்கமல்ல. பிள்ளையில்லாத குடும்பத்தின் பெயரும் சொத்தும் அழியாமல் காப்பதற்காகத் தகுதியுள்ள ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டுகள் அரண்மனையிலேயே இருந்தன. கி.மு. 44இல் கொல்லப்பட்ட ஜூலியஸ் சீசர், தம் சகோதரியின் பேரனான ஒக்டேவியனை உயிலின் வழியாக மகனாக்கியிருந்தார். ஒக்டேவியனே பின்னாளில் பேரரசர் அகுஸ்து ராயன் ஆனார். அகுஸ்து தம் மனைவியின் மகனான திபேரியுவைக் கி.பி. 4இல் தத்தெடுத்தார். கிலவுதியு ராயன் கி.பி. 50இல் நீரோவைத் தத்தெடுத்தார். கிலவுதியுவுக்குப் பிரித்தானிக்கஸ் என்ற சொந்த மகன் அப்போது இருந்தான். ஆனாலும் 54இல் அரசுரிமை தத்துப் பிள்ளைக்கே போயிற்று. அடுத்த ஆண்டில், பதினான்கு வயது நிறைவதற்குள், பிரித்தானிக்கஸ் விருந்துப் பந்தியில் இறந்துபோனான். நீரோவே நஞ்சு வைத்துக் கொன்றான் என்று பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். பவுல் ரோமருக்கு நிருபம் எழுதியது ஏறக்குறைய 57ஆம் ஆண்டில். அந்த நகரத்தில் அமர்ந்து அதை வாசிக்கக் கேட்டவர்களுக்கு, ஒரு வீட்டில் தத்துப் பிள்ளை நுழைந்தபோது சொந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பது அண்மைக்காலச் செய்தி.

இந்தப் பின்னணியில் வாசிக்கும்போதுதான் பவுலின் நற்செய்தி எவ்வளவு வேறுபட்டது என்பது புலப்படுகிறது என்று நான் கருதுகிறேன். ரோமத் தகப்பனுக்கு வாரிசு தேவைப்பட்டது. தேவனுக்கோ நித்தியமாகவே ஒரு குமாரன் இருக்கிறார், அவரில் பிதா முழுமையாகப் பிரியமாயிருக்கிறார். எந்தக் குறையையும் நிரப்புவதற்காக அவர் நம்மைத் தேடவில்லை. ‘தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படியே’ முன்குறித்தார் என்று எபேசியர் முதல் அதிகாரம் கூறுகிறது. ரோமத் தகப்பன் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தான். நாம் சத்துருக்களாயிருக்கையில் ஒப்புரவாக்கப்பட்டோம் என்று ரோமர் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரண்மனையில் சொந்த மகன் தத்துப் பிள்ளையால் ஒதுக்கப்பட்டு உயிரிழந்தான். இங்கே சொந்தக் குமாரனே, பிதாவினால் அனுப்பப்பட்டு, தமக்குச் சகோதரர் உண்டாகும்படி மனமுவந்து உயிர் கொடுத்தார். கலாத்தியர் 4ஆம் அதிகாரம் இதை ஒழுங்காகச் சொல்லிச் செல்கிறது: காலம் நிறைவேறினபோது தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தவர்களை அவர் மீட்டுக்கொண்டார், அந்த மீட்பின் நோக்கம் நாம் புத்திர சுவிகாரத்தை அடைவது. சுதந்தரத்தை, அதாவது தகப்பனுடைய வாரிசுரிமையை, பங்கிட்டுக்கொள்ள வந்தவர்களைக் கண்டு அந்தக் குமாரன் பொறாமைப்படவில்லை. அவர்களைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்று எபிரெயர் நிருபம் சாட்சியிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இயேசு தேவனுடைய குமாரன் என்பதும் நாம் தேவனுடைய பிள்ளைகள் என்பதும் ஒரே பொருளுடையவை அல்ல. அவர் இயல்பினாலே குமாரன். நாம் கிருபையினாலே பிள்ளைகள். எட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தொலேதோவின் பேராயர் எலிப்பந்துவும் ஊர்ஹெல் நகரின் ஆயர் பெலிக்ஸும், மனிதன் என்ற அளவில் கிறிஸ்துவும் தத்தெடுக்கப்பட்ட குமாரனே என்று போதித்தபோது, 794இல் பிராங்க்பர்ட்டில் கூடிய சங்கம் அதை மறுத்தது. கிறிஸ்துவே தத்தெடுக்கப்பட்டவர் என்றால், நம்மைச் சேர்த்துக்கொள்வதற்குரிய குமாரத்துவம் ஒன்று முதலாவது எங்கே இருக்கும்? உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாளிடம் இயேசு, ‘என் பிதாவும் உங்கள் பிதாவும்’ என்று சொன்னார். உறவு அவருடையது, அதற்குள் நாம் சேர்க்கப்படுகிறோம்.

எல்லா மனிதரும் தேவனுடைய பிள்ளைகள்தானே என்று புதியவர்கள் கேட்பதுண்டு, அது நியாயமான கேள்வி. படைப்பின்படி எல்லாரும் அவருடைய சந்ததி என்பதை அத்தேனே பட்டணத்தில் பவுலே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு மனிதனுடைய மதிப்பும் அந்த அடிப்படையில் நிற்கிறது. ஆனால் தத்தெடுத்தல் என்ற பேச்சே, ஏற்கெனவே இல்லாத ஓர் உறவு ஏற்படுத்தப்படுவதைக் குறிக்கிறது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு அவருடைய நாமத்தின்மேல் விசுவாசமுள்ளவர்களாகிறவர்களுக்குத் தேவனுடைய பிள்ளைகளாகும்படி அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று யோவான் முதல் அதிகாரம் கூறுகிறது. இந்த உறவு ஞானஸ்நானத்திலேயே அருளப்படுகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையும் கிழக்கத்திய திருச்சபைகளும் வலியுறுத்துகின்றன. விசுவாசத்தினால் பெறப்படுகிறது, ஞானஸ்நானம் அதன் அடையாளமும் முத்திரையுமாகும் என்று சீர்திருத்த சபைகள் போதிக்கின்றன. பாவி தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கப்படுதலைக் குறித்துக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் இடையே கடுமையான விவாதம் நடந்த காலத்திலும் பிள்ளையாக்கப்படுதலை இரு தரப்பும் விட்டுவிடவில்லை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதலை விளக்கும்போது தேவனுடைய பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படும் நிலையை அதனுள்ளேயே சேர்த்துச் சொன்னது. 1646இல் லண்டனில் நிறைவுபெற்ற, சீர்திருத்த மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அதற்கென்றே தனி அதிகாரம் ஒதுக்கியது.

நீதிமானாக்கப்படுவதும் பிள்ளையாக்கப்படுவதும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் சட்ட அனுபவத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய மதத்தினருக்கு மட்டுமே பொருந்தியதால், ஒரு குழந்தையை வளர்க்க விரும்பிய கிறிஸ்தவத் தம்பதியர் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின்படி அவர்கள் பெற்றோர் அல்லர், பாதுகாவலர் மட்டுமே. குழந்தைக்கு உணவும் கல்வியும் அன்பும் குறைவில்லாமல் கிடைத்திருக்கலாம். ஆனால் அது உரிய வயதை எட்டியதும் பாதுகாவலர் என்ற உறவு முடிந்துவிடும், உயில் எழுதப்படாவிட்டால் சொத்தில் பங்கும் இல்லை. பின்னர் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாக நிலைமை மாறியது. எந்த மதத்தினரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பாதுகாக்கப்படும் குழந்தைக்கும் மகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டோ, தண்டனை நீக்கப்பட்டவனுக்கும் மகனுக்கும் இடையே அவ்வளவு தூரம் உண்டு. நீதிபதி ஒருவனைக் குற்றமற்றவன் என்று தீர்த்து அனுப்பிவிடலாம், அத்தோடு அவருடைய கடமை முடிகிறது. தேவன் அந்த இடத்தில் நிறுத்தவில்லை.

பிள்ளை என்ற நிலை கொடுக்கப்படுவது ஒன்று, பிள்ளை என்று உணர்ந்து வாழ்வது மற்றொன்று. பவுல் இரண்டையும் பேசுகிறார், அவற்றின் வரிசையையும் கவனமாகக் காக்கிறார். ‘நீங்கள் புத்திரராயிருக்கிறபடியினால்’ தேவன் தமது குமாரனுடைய ஆவியை உங்கள் இருதயங்களில் அனுப்பினார் என்று அவர் எழுதுகிறார். உணர்ந்ததனால் நாம் பிள்ளைகளாகவில்லை. பிள்ளைகளாக்கப்பட்டதனால் உணர்வு அருளப்படுகிறது. அந்த ஆவியானவர் நமக்குள் எழுப்புகிற கூப்பிடுதல் ‘அப்பா, பிதாவே’ என்பது. கெத்செமனே தோட்டத்தில், சிலுவையின் நிழலில், இயேசு பிதாவை அழைத்த அதே அழைப்பு இது என்பதை மாற்கு 14ஆம் அதிகாரத்தில் காணலாம். ரோமச் சபையில் பவுல் வாழ்த்துச் சொல்கிற அம்பிலியா, உர்பான், பெர்சியாள் போன்ற பெயர்கள் அக்காலத்தில் அடிமைகளிடமும் விடுதலை பெற்றவர்களிடமும் மிகுதியாக வழங்கியவை. ரோமச் சட்டத்தின் பார்வையில் அடிமைக்குத் தகப்பன் என்று ஒருவர் கிடையாது. எஜமான் மட்டுமே உண்டு. அப்படிப்பட்டவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில், ‘அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல் புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்’ என்ற வரி வாசிக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த ஆறுதலை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த உபதேசம் நூலறிவுக்குரிய பொருளாக நின்றுவிடுவதில்லை. ரோமத் தத்தெடுப்புக்கு ஐந்து சாட்சிகளாவது வேண்டும். அதன் உண்மை பின்னாளில் கேள்விக்குள்ளானால் நடந்ததை எடுத்துரைக்க அவர்கள் இருந்தார்கள். நாம் தேவனுடைய பிள்ளைகள் என்பதற்கு ஆவியானவர்தாமே நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சி கொடுக்கிறார் என்று பவுல் அடுத்த வரியிலேயே எழுதுகிறார்.

தேவனைப் பிதா என்று கூப்பிடுவதை ஆதிச்சபை எளிதான காரியமாக எண்ணவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவின் ஆயராயிருந்த அகுஸ்தீனார் காலத்தில், கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் எல்லாருக்கும் பொதுவாகப் போதிக்கப்படவில்லை. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கு அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே அது கற்பிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற பிறகே அவர்கள் மற்ற விசுவாசிகளோடு சேர்ந்து நின்று, ‘எங்கள் பிதாவே’ என்று சொன்னார்கள். இன்று அதே ஜெபத்தை நாம் வேகமாக ஒப்புவித்து முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களில் எவ்வளவு பெரிய உரிமை அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தவர் அவற்றை அவ்வளவு விரைவாகக் கடந்துவிட முடியாது.

பிள்ளைகளாயிருந்தும் வேலைக்காரரைப்போல வாழ முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் சபைகளில் மிகுதியாகக் காணப்படுகிற நிலை இதுவே என்பது என் கணிப்பு. ஒரு நாள் ஜெபம் தவறினால் ஏதாவது தீங்கு நேருமோ என்று அஞ்சுகிறோம். காணிக்கை குறைந்தால் ஆசீர்வாதம் குறையும் என்று கணக்கிடுகிறோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருவாக அபிஷேகம் பெற்று, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியமும் செய்துவிட்டுத் திரும்பிய பிறகே, 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில் தம் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயத்தைப் பெற்றார். அதற்கு முந்திய காலத்தைத் திரும்பிப் பார்த்தபோது, தமக்கு அப்போதும் விசுவாசம் இருந்தது, ஆனால் அது வேலைக்காரனுடைய விசுவாசம், மகனுடையது அன்று என்று பிற்காலத்தில் குறித்துவைத்தார். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இளைய குமாரன், ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்று சொல்ல ஆயத்தம் செய்துகொண்டு வீடு திரும்பினான். ஆனால் தகப்பனின் முன்னால் நின்றபோது அந்த வாக்கியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வீட்டை விட்டு ஒருநாளும் போகாத மூத்த குமாரனோ, இத்தனை வருஷகாலம் உமக்கு ஊழியம் செய்தேனே என்று கூலிக்காரனைப்போலக் கணக்குப் பேசினான். தகப்பன் அவனிடமும் வெளியே வந்து, ‘மகனே’ என்றுதான் அழைக்கிறார். பிள்ளையின் நிலை நடத்தையினால் சம்பாதிக்கப்பட்டதல்ல என்பதனால் நடத்தை முக்கியமற்றது ஆகிவிடாது. பிதா சிட்சிக்கிறார் என்று எபிரெயர் 12ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. சிட்சை மகனாயிருப்பதற்கு அடையாளம். வேலையிலிருந்து நீக்குவது எஜமான் செய்யும் காரியம்.

பிள்ளைகளானால் சுதந்தரருமாமே என்று பவுல் தொடர்கிறார். இங்கே பெண்களைக் குறித்து ஒரு கேள்வி எழலாம். வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களாயிருந்த உலகத்தில், கிறிஸ்து இயேசுவைப் பற்றும் விசுவாசத்தினால் நீங்கள் எல்லாரும் தேவனுடைய புத்திரர் என்று எழுதிவிட்டு, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று அதே மூச்சில் பவுல் சேர்த்துக்கொண்டார். மகனுக்குரிய முழுப் பங்கும் மகளுக்கும் உண்டு என்பதே அதன் விளைவு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய திருவிதாங்கூரில் 1916இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே கொடுத்தது. மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951இலேயே நீங்கிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. கலாத்தியர் நிருபம் வாசிக்கப்பட்ட ஆலயங்களைச் சார்ந்த குடும்பங்களுக்கு அந்த நீதி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

தத்தெடுக்கப்படுகிறவருக்குத் தகப்பன் மட்டுமல்ல, உடன்பிறந்தாரும் சேர்ந்தே கிடைக்கிறார்கள். ரோமச் சட்டம் இதை எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டது என்றால், நீரோ கிலவுதியுவின் மகள் ஒக்தாவியாவை மணப்பதற்காக, அவள் சட்டப்படி அவனுக்குச் சகோதரி ஆகிவிட்டதனால், அவளை முதலில் வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தினால் உண்டான சகோதர உறவை ரோமர்கள் அவ்வளவு மெய்யானதாகக் கருதினார்கள். தமிழ்நாட்டுச் சபைகளிலோ ஒரே பிதாவின் பிள்ளைகள் சாதிவாரியாகத் தனித்தனி வரிசைகளில் அமர்ந்தார்கள். திருவிருந்தின் பாத்திரத்தை யார் முந்திப் பருகுவது என்பதற்கும் சாதியே விதியாயிற்று. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் நீங்க வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். கல்லறைத் தோட்டங்கள் பிரிந்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பிதாவை ஏற்றுக்கொண்டு அவர் தத்தெடுத்த மற்றவர்களை மறுப்பதற்கு இந்த உபதேசத்தில் இடமில்லை. சகோதரனை மறுக்கிறவர் தாமும் எதன் அடிப்படையில் அந்த வீட்டுக்குள் வந்தார் என்பதை மறந்தவர்.

கடைசியாக ஒன்றை விளக்க வேண்டும், ஏனெனில் புதிய விசுவாசிகள் பலர் இதில் தடுமாறுகிறார்கள். ரோமர் 8ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம் புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றுவிட்டோம் என்கிறது. அதே அதிகாரத்தின் 23ஆம் வசனமோ நம்முடைய சரீர மீட்பாகிய புத்திர சுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பிள்ளை என்ற நிலை இப்போதே முழுமையாக நமக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வாக்களிக்கப்பட்ட சுதந்தரம், அதாவது நோயும் முதுமையும் மரணமும் தொடாத சரீரம், இன்னும் கையில் வரவில்லை. கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர் என்று சொன்ன உடனே, அவருடனேகூடப் பாடுபட்டால் அப்படியாகும் என்றும் பவுல் எழுதுகிறார். ஆகவே நோயுற்ற விசுவாசியிடம் போய், உண்மையான பிள்ளையாயிருந்தால் இது வந்திருக்காது என்று பேசுவது வேதத்துக்கு விரோதமானது. படுக்கையிலிருந்து தவிப்போடு ‘அப்பா, பிதாவே’ என்று கூப்பிடுகிற அந்த மனிதர், 23ஆம் வசனம் விவரிக்கிற பிள்ளைகளில் ஒருவர்.